கேஸ் போடுவதற்கு முன் கழுவிப் பாருங்கள்: வீட்டு ஸ்பிளிட் ஏசியைப் புரிந்துகொண்டு பராமரிக்க

ஏசி முன்போல் குளிரவில்லை என்று சொன்னதும் நம்மூரில் கிடைக்கும் முதல் பதில், "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." சில வீடுகளில் அது உண்மைதான். பெரும்பாலான வீடுகளில் கோளாறு அதைவிட எளியது. ஃபில்டர், கூலிங் காயில், ப்ளோயர் மூன்றிலும் தூசி ஏறிக் காற்றுக்கு வழியில்லாமல் போயிருக்கும். கேஸ் என்பது வண்டியில் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருளில்லை. கம்பெனியில் நிரப்பிய அதே கேஸ்தான் பத்து வருஷமானாலும் குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே கேஸ் ஏற்றினால், அடுத்த சித்திரையில் அதே பணத்தை மறுபடி எடுத்து வைக்க வேண்டியதுதான்.

அழுக்கா, கேஸா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்கு உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

சுவரில் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட், அறைக் காற்றை மேல்பக்கமாக இழுக்கிறது. காற்று முதலில் ஃபில்டர் வலையைக் கடக்கிறது. அடுத்து கூலிங் காயில்: செப்புக் குழாய்களைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள். குழாய்க்குள் ஓடும் கேஸ் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, தகடுகள் ஏறத்தாழ 5 முதல் 12 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்றை, காயிலுக்குப் பின்னால் யூனிட்டின் முழு நீளத்துக்கும் படுத்திருக்கும் உருளை வடிவ ப்ளோயர் கீழ்வழியாக அறைக்குள் தள்ளுகிறது. உறிஞ்சிய வெப்பத்தைக் குழாய் வழியே வெளியே கொண்டுபோய், கம்ப்ரஸரின் அழுத்தத்தில் இன்னும் சூடாக்கி, வெளிக்காற்றில் கொட்டிவிட்டுத் திரும்புவது அவுட்டோர் யூனிட்டின் வேலை.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். ஒன்றரை டன் ஏசி 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு வெப்பமும் அந்த மெல்லிய தகடுகளின் வழியாகத்தான் போயாக வேண்டும். அவற்றின் மேல் தூசிப் படலம் படிந்தால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டரும் ஓடும், அறை மட்டும் குளிராது.

கடலோர ஊர்களில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராக வழியும். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசியிலிருந்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர்கூட இறங்கலாம். ஏசி அழுக்காவதன் சூத்திரமே இந்த ஈரத்தில்தான் இருக்கிறது. உலர்ந்த தகட்டில் விழும் தூசியைத் தட்டிவிடலாம். நனைந்த தகட்டில் விழும் தூசி சேறாக ஒட்டிக்கொள்கிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் அதில் பூஞ்சை பிடிக்கிறது. சமையலறையை ஒட்டிய ஹாலில் ஏசி இருந்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து, வெறும் தண்ணீருக்கு அசையாத பிசுக்காகிவிடும்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை

சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். உடம்புச் சூடு பார்ப்பது உதவாது. அறை வெப்பம் அல்லது சமையலுக்கானது வேண்டும். கதவு, ஜன்னலை மூடி, அறை சூடாக இருக்கும்போதே ஏசியை 18 டிகிரியில், ஃபேன் வேகத்தை உச்சத்தில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். 24-ல் வைத்துச் சோதித்தால் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றும் வகை) வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும். மேலே காற்று நுழையும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வரும் வாயில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் குளிர்விக்கும் பகுதி நன்றாகவே இருக்கிறது. மிகவும் புழுக்கமான நாளில் 8-ஐ ஒட்டி வந்தாலும் கவலையில்லை.

எண்ணோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருகிற காற்று நல்ல ஜில்லென்று இருக்கிறது, வித்தியாசம் 14, 15 டிகிரிகூடக் காட்டுகிறது, ஆனால் கட்டில் வரை காற்று வந்து சேரவில்லை என்றால் அடைப்பு. ஃபில்டரையும் ப்ளோயரையும் கழுவினால் சரியாகும். காற்று வேகமாக வீசுகிறது, வித்தியாசம் 5 டிகிரிக்குக் கீழ் என்றால் காயிலுக்குப் போதிய கேஸ் வரவில்லை, அல்லது கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது அவுட்டோர் யூனிட் அடைத்துக் கிடக்கிறது. வெளியே போய் கம்ப்ரஸர் உறுமுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, அதிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் மட்டும் சுற்றி வெளிக்காற்று சூடே இல்லாமல் வந்தால் கம்ப்ரஸர் ஓடவில்லை. இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல்களில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கேபாசிட்டர் பலவீனமாவது. அதை மாற்றுவது சின்னச் செலவுதான், ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கேபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் மெக்கானிக் கையால்தான் மாற்ற வேண்டும்.

காயிலில் பனிக்கட்டி பிடித்திருந்தால் உடனே கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் மட்டும் ஓடவிடுங்கள். கட்டியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ பெயர்த்தால் செப்புக் குழாய் கிழியும். காற்று குறைந்தாலும் பனி பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் பிடிக்கும். ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்த பிறகும் மறுபடி பனி பிடித்தால் சந்தேகத்தைக் கேஸ் பக்கம் திருப்பலாம்.

ஃபில்டர்: பதினைந்து நாளைக்கு ஒரு முறை

பிரதான சாலை ஓரமோ, பக்கத்தில் கட்டட வேலையோ என்றால் வாரம் ஒரு முறை. முன்மூடியைத் தூக்கி, வலையைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கீழே இழுத்தால் வந்துவிடும். தூசி படிந்திருப்பது காற்று நுழையும் மேல்முகத்தில். அதனால் தண்ணீரை மறுபக்கத்திலிருந்து, சுத்தமான முகத்தின் வழியே அடிக்க வேண்டும். தூசிப் பக்கமே அடித்தால் அது கண்ணிகளுக்குள் இன்னும் இறுகும். வெந்நீரும் முரட்டு பிரஷும் வேண்டாம். நிழலில் காயவையுங்கள், மொட்டை மாடி வெயிலில் சட்டம் வளைந்து, திரும்ப மாட்டும்போது ஓரத்தில் இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியே தூசி நேராகக் காயிலுக்குப் போகும். வலையோடு ஒட்டியிருக்கும் சிறிய கறுப்பு அல்லது வெள்ளை அட்டை போன்ற ஃபில்டர்களைத் தண்ணீரில் போடுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள், பல வகைகள் கழுவக் கூடாதவை.

முழுக் கழுவல்

வருஷம் முழுக்க இரவில் ஓடும் ஏசிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை. கோடையில் மட்டும் ஓடுவதற்கு மாசி மாதத்தில் ஒரு முறை போதும். அப்போது மெக்கானிக்கும் அவசரமில்லாமல் கிடைப்பார். இன்டோர் யூனிட்டைக் கவனமுள்ள யாரும் வீட்டில் கழுவலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஏசி கழுவும் பை (அடியில் குழாய் உள்ளதாக), இரண்டு வாளி, செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கை ஸ்ப்ரேயர், பெயின்ட் அடிக்கும் மென்மையான பிரஷ், பழைய டூத் பிரஷ், நீளமான பாட்டில் பிரஷ், டார்ச், பிளாஸ்டிக் ஷீட், டேப், பாத்திரம் கழுவும் திரவ சோப். ஆடாத ஏணி முக்கியம். நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறுகிற வேலை இதில் கிடையாது.

ரிமோட்டில் அணைத்தால் போதாது. எம்சிபியை (மின்பெட்டியில் ஏசிக்கான ஸ்விட்சை) இறக்குங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். பத்து நிமிடம் கழித்துக் கை வையுங்கள். பிளக்கைப் பிடுங்கும்போதே அதன் முனைகளையும் சாக்கெட்டையும் பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் தொடர்பு தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம்; 16 ஆம்பியர் தரமான சாக்கெட்டாக மாற்றாமல் மறுபடி சொருகாதீர்கள். ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டுவது தீ விபத்துக்கு அழைப்பு.

ஃபில்டரை எடுத்த பிறகு, காற்றைத் திருப்பும் ஸ்விங் பிளேடைக் கழற்ற வேண்டும். நடுவிலுள்ள கொக்கியை முதலில் விடுவித்து, பிளேடை லேசாக வளைத்து, மோட்டார் இல்லாத முனையை எடுத்துவிட்டு, மோட்டார் முனையைக் கடைசியில் உருவுங்கள். முறுக்கினால் உள்ளே இருக்கும் சின்ன கியர் பல் உடையும். பிறகு வெளிக்கூடு: கீழ் ஓரத்தில் சிறிய மூடிகளுக்கு அடியில் இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூ இருக்கும், மேலே கொக்கிகள். கீழ்ப்பக்கத்தை முன்னால் இழுத்து, மேலே தூக்கினால் கழன்று வரும். டிஸ்ப்ளேவுக்குப் போகும் வயர் ஒன்று கூட்டோடு சேர்ந்து வரலாம், கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரும்பாலான மாடல்களில் வலது ஓரத்தில் பிசிபி (மின்னணு போர்டு) பெட்டி தெரியும். அதற்குப் பின்னால்தான் ப்ளோயர் மோட்டார். அந்தப் பகுதி முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி டேப் ஒட்டுங்கள். அதை ஒட்டிய நாலு விரற்கடை இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கழுவின மறுநாள் ஏசி உயிரே இல்லாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கே போன தண்ணீர்தான். காயிலின் முன்னால் பிளாஸ்டிக் கிளிப்பில் ஒரு சென்சார் இருக்கும், அது அறை வெப்பத்தை அளப்பது. இன்னொன்று காயிலோடு ஒட்டிய சின்னச் செப்புக் குழலுக்குள் செருகியிருக்கும். இரண்டும் எந்த இடத்தில் இருந்தன என்பதையும் போட்டோவில் பிடியுங்கள். அறை சென்சார் நழுவிக் காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தால், அறை குளிர்ந்துவிட்டதென்று ஏசி நினைத்துக் கம்ப்ரஸரைச் சீக்கிரமே நிறுத்திவிடும். சர்வீஸ் செய்த பிறகு குளிர்ச்சி குறைந்துவிட்டது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பையை மாட்டும்போது சுவர்ப் பக்க ஓரத்தை யூனிட்டுக்குப் பின்னால் நன்றாகச் செருகுங்கள். ஒரு மக் தண்ணீரை ஊற்றி, எல்லாம் வாளிக்கே போகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

காயிலில் காய்ந்த தூசியை முதலில் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தள்ளி எடுக்க வேண்டும். தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டில் தேய்த்தால் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் தெளித்து நனைத்து, 2 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சோப் கலந்த நீரை அடித்து ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாக அலசுங்கள். பீய்ச்சும் நீர் தகடுகளுக்கு இடையே நேராகப் போக வேண்டும், சாய்வாக அல்ல.

கெமிக்கல் விஷயத்தில் கறாராக இருங்கள். பிளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் எதுவும் காயிலுக்கு ஆகாது. காஸ்டிக் கலந்த சில கிளீனர்களை அடித்ததும் வெள்ளை நுரை பொங்கி வழியும், பார்க்க அழுக்கு கரைகிற மாதிரி இருக்கும். அந்த நுரையில் ஒரு பகுதி, காஸ்டிக் அலுமினியத்தை அரிப்பதால் வெளிவரும் ஹைட்ரஜன். காயில் பளபளப்பாகிறது, கூடவே தேய்கிறது. தகட்டின் மேலுள்ள பூச்சும் போய்விடும். மெக்கானிக் கேனைத் திறக்கும்போது அது அலுமினியத்துக்குப் பாதுகாப்பான, காரமும் அமிலமும் இல்லாத வகைதானா என்று கேளுங்கள்.

ப்ளோயர்தான் நிஜமான வேலை

காயில் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் கழுவுகிறார்கள். ப்ளோயர் உள்ளே ஒளிந்திருப்பதால் தப்பித்துவிடுகிறது. காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உருளையின் நீளத்துக்கும் வரிசையாக வளைந்த மெல்லிய இறக்கைகள் தெரியும். அந்த வளைவின் குழிந்த பக்கத்தில் தூசியும் ஈரமும் கெட்டிப்பட்டு, விரலால் சுரண்டினால் கறுப்பாகப் பொடிந்து வரும். இறக்கை காற்றை அள்ளித் தள்ளுவதே அந்தக் குழியால்தான். குழி நிரம்பிவிட்டால் மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளுவதற்கு இடமில்லை. காற்று பாதியாகக் குறைகிறது, காயில் தேவைக்கு மேல் குளிர்ந்து பனி பிடிக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் கேஸ் குறைந்த ஏசி மாதிரியே தெரிகிறது. தேவையில்லாத டாப்-அப் பிறக்கும் இடம் இதுதான்.

ஸ்ப்ரேயரால் சோப்பு நீரை அடித்து, ப்ளோயரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எல்லா இறக்கையும் நனைந்த பிறகு பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு டூத் பிரஷால் ஒவ்வொரு இறக்கையின் குழிந்த பக்கத்தையும் நீளவாட்டில் தேய்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் மொத்தக் கழுவலில் பலன் அதிகம் தருவது இதுவே. ஜெட் பம்பால் அடிப்பதாக இருந்தால் ஒரு கையால் உருளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீரின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். இன்வெர்ட்டர் மாடல்களின் காந்த மோட்டார் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பவும் கூடும். ப்ளோயருக்குப் பின்னால் வளைந்திருக்கும் சுவரிலும் பூஞ்சைப் புள்ளிகள் இருக்கும், பாட்டில் பிரஷால் அதையும் எட்டித் தேய்த்து, இறங்கும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

அரைகுறையாக விட்டால் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு என்றாகி, ஓடும்போது தடதடவென்று அதிரும். ஒரே ஒரு இறக்கை உடைந்தாலும் அப்படித்தான். சில ப்ளோயர்களில் எடையைச் சமன்செய்யச் சிறு உலோகக் கிளிப் செருகியிருப்பார்கள், அதை அழுக்கென்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

தண்ணீர் போகும் வழி

காயிலுக்கு அடியிலுள்ள ட்ரேயில் கொழகொழவென்று ஜெல்லி போன்ற ஒரு படலம் சேரும். ட்ரெயின் பைப்பை அடைப்பது அதுதான். பிரஷால் வழித்தெடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ட்ரேயில் ஊற்றுங்கள். ஊற்றும் வேகத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. வெளி முனையில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வைத்து இழுப்பது நல்ல வழி. வாயாலோ பம்பாலோ ஊதினால் அழுக்கு ட்ரேக்கே திரும்பி வந்து, பத்து நாளில் மறுபடி அடைக்கும்.

அடைப்பே இல்லாமலும் அறைக்குள் தண்ணீர் சொட்டலாம். ட்ரெயின் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது தொடர்ந்து இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்து ஏறி இறங்கினால் தண்ணீர் அங்கே தேங்கும். வாளியில் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பைப்பின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் உள்ளே காற்று சிக்கித் தண்ணீர் இறங்க மறுக்கும். யூனிட்டின் மட்டம் சரிந்திருந்தாலும், சுவருக்குள் போகும் குழாயின் மேலுள்ள கறுப்பு இன்சுலேஷன் கிழிந்து வியர்த்தாலும் சொட்டும். பெரும்பாலான வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் கேஸின் அழுத்தம் அவுட்டோர் யூனிட்டிலேயே இறக்கப்படுவதால் இரண்டு குழாய்களும் குளிர்ந்தே வருகின்றன. தடித்த குழாய்க்கு மட்டும் இன்சுலேஷன் சுற்றி மெல்லியதை அப்படியே விட்டிருந்தால் சுவர் ஊறிப் பெயின்ட் உரியும்.

ஏசித் தண்ணீரை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் காயிலின் தூசியும் உலோகத் துகளும் அதில் கலந்திருக்கும். பேட்டரிக்கு வாலைநீர்தான்.

கழுவி முடித்ததும் துணியால் ஒற்றி, அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு கூட்டை மாட்டுங்கள். ஷீட்டை எடுத்தபின் பிசிபி பகுதி சொட்டு ஈரமில்லாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே எம்சிபி. முதல் அரை மணி நேரம் ஃபேன் மோட். ஆரம்பத்தில் ப்ளோயர் கறுப்புத் துளிகளைச் சிதறடிக்கும், கட்டிலை மூடி வையுங்கள்.

நாற்றம்

ஈரத் துணி நாற்றம் என்றால் காயிலும் ப்ளோயரும் ஈரத்தோடே இரவெல்லாம் மூடிக் கிடக்கின்றன. அணைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உலர்ந்துவிடும். பல மாடல்களில் அணைத்த பிறகு தானே அப்படி ஓடும் வசதி ரிமோட்டிலேயே உண்டு. காயிலை உறையவைத்து உருக்கும் 'செல்ஃப் க்ளீன்' வசதி தகட்டின் மேல்தூசியைக் கொஞ்சம் கழுவும், ப்ளோயரை அது தொடாது. சாக்கடை நாற்றம் என்றால் கதை வேறு. அடுக்குமாடிகளில் ட்ரெயின் பைப்பைக் குளியலறைக் கழிவுக் குழாயோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். ஏசி ஓடாத நாளில் அந்தக் குழாயின் வாயு நேராகப் படுக்கையறைக்கு ஏறும். நடுவில் தண்ணீர் தங்கும் ட்ராப் வைக்க வேண்டும், அல்லது பைப்பைத் திறந்த வெளியில் விட வேண்டும். எத்தனை முறை கழுவினாலும் இந்த நாற்றம் போகாது.

அவுட்டோர் யூனிட்

மொட்டை மாடியிலோ பால்கனியிலோ இருந்தால் நீங்களே கழுவலாம். மூன்றாம் மாடி ஸன்ஷேடில் தொங்கினால் பாதுகாப்புக் கயிறு உள்ளவரிடம் விடுங்கள். அதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

பின்பக்கத் தகடுகள் வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு முன்னால் ஃபேன் வழியே வெளியேறுகிறது. தூசி படிவது பின்முகத்தில் என்பதால், மேல்மூடியைத் திறந்து உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடிப்பதே சரியான திசை. திறக்க முடியாவிட்டால் வெளியிலிருந்து தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில், தகட்டுக்கு நேராக அடிக்கலாம். கார் கழுவும் ஜெட்டை அருகில் பிடித்தால் தகடுகள் சாய்ந்துவிடும். மின்சாரப் பெட்டியை மூட மறக்காதீர்கள். பின்னால் சுவருக்கு ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். முன்னால் வரும் சூடான காற்று சுவரிலோ கிரில்லிலோ பட்டுத் திரும்பி வந்தால் அதே சூட்டையே மறுபடி உறிஞ்சும். யூனிட்டை ஒட்டிக் காற்றை அடைக்கும் புறாக் கூட்டை நிறைய வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. பல்லி பிசிபி மேல் ஏறி ஷார்ட் ஆவதும், அணிலும் எலியும் இன்சுலேஷனையும் வயரையும் கடிப்பதும் நம்மூரில் அடிக்கடி நடக்கிறது. வயர் நுழையும் துளைகளை அடைத்துவிட்டால் பெரிய செலவு மிச்சம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நாகப்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். மாதம் ஒரு முறை வெறும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கினாலே காயிலின் ஆயுள் கூடும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

கரண்டு கணக்கு

இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. 25, 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் பெரும்பாலோருக்கு அதே சுகம் கிடைக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. எல்லையை ஒட்டி ஓடும் வீட்டில், அழுக்கான ஏசி கூடுதலாக இழுக்கும் சில யூனிட்டுகள் முழு பில்லையும் ஏற்றிவிடும்.

நிஜமாகவே கேஸ் குறைந்திருந்தால்

எல்லாம் கழுவியாகிவிட்டது, காற்று வேகமாக வருகிறது, வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டவில்லை, அவுட்டோரில் மெல்லிய குழாயின் இணைப்பில் பனி பூத்திருக்கிறது. இப்போது கேஸ் கசிகிறது என்று சொல்லலாம். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசிவதால் அந்தக் கறை கசிவைக் காட்டிக்கொடுக்கும். முதல் சந்தேகம் குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டுகள் மேல், அடுத்தது இன்டோர் காயிலின் ஓரத்திலுள்ள வளைவுகள் மேல்.

மெக்கானிக் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிப்பது, சரிசெய்வது, வேக்குவம் பம்பை இருபது முப்பது நிமிடமாவது ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது, பிறகு தராசில் வைத்து எடை போட்டுக் கேஸ் ஏற்றுவது. அவுட்டோர் யூனிட்டின் பெயர்ப்பலகையில் கேஸின் வகையும் எடையும் அச்சிட்டிருக்கும். பழையவற்றில் ஆர்-22, பிறகு வந்த பலவற்றில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. அழுத்தம் வேறு, கம்ப்ரஸர் எண்ணெயும் வேறுபடும். ஆர்-22 ஓடும்போது, கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்தில் கேஜ் (அழுத்தமானி) 60, 70 பிஎஸ்ஐ காட்டும். ஆர்-32 அதைப்போல இரு மடங்கு காட்டும். இன்வெர்ட்டரில் கம்ப்ரஸரின் வேகத்துக்கேற்ப அழுத்தம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்புதான். எடைதான் கணக்கு. கூடிப்போனாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும்.

ஆர்-32 லேசாகவும், ஆர்-290 எளிதாகவும் தீப்பற்றக் கூடியவை. ஆர்-290 என்பது புரொப்பேன்தான். அறை மூடியிருக்கும்போது கேஸைத் திறந்துவிடுவது, கேஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் வெல்டிங் வைப்பது, பக்கத்தில் புகைப்பது எதையும் அனுமதிக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அதே 18 டிகிரி, அதே பதினைந்து நிமிடச் சோதனையை மெக்கானிக் முன்னாலேயே செய்து, இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கசிவு இருந்தது, எந்த கேஸ், எத்தனை கிராம் ஏற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்தில் மறுபடி குறைந்தால், அதே இணைப்பா புதிய இடமா என்று பார்க்கவும் உழைப்புக் கூலியைத் தள்ளச் சொல்லிக் கேட்கவும் அந்தக் காகிதம் வேண்டும்.